இன்னொரு ஆணி

ஷார்ஜா,
ஆடி 3

சங்கரேஸ்வரிக்கு,

நான் நலம். உன் முட்டுவலிக்கு இலஞ்சி டாக்டரைப் பார்த்தாயா? போனில் சொல்ல வாய் வராததை எழுதி, லீவில் வரும் மாரிச்செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் வேலையிடத்தில் மேல்தளத்திலிருந்து ஒரு இரும்புக் குழாய் விழுந்தது. பயப்படாதே, என் டீ பிளாஸ்க்தான் நசுங்கியது. "அண்ணாச்சி, இப்பதானே அங்கன இருந்து எந்திச்சிய!" என்று மாரிச்செல்வம்தான் நடுங்கினான். எனக்குச் சாவு பயம் வரவில்லை. என்றைக்கோ ஒருநாள் போகத்தானே வேண்டும். வந்தது பொறாமை.

செத்திருந்தால் என் படத்தை உன் முதல் புருஷன் மந்திரமூர்த்தி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருப்பாய். அவர் ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு, இருபத்தெட்டு வயதில் சிரிக்கிறார். நான் வழுக்கைத் தலையோடு பாஸ்போர்ட் போட்டோவில் முறைப்பேன். பிச்சிப்பூச் சரம் யாருக்கு நீளமாக வைப்பாய் என்று இப்போதே வயிறு எரிகிறது. செத்துப்போனவர் தினமும் உன்னோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிற நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறேன்.

"சாரல்ல செவரு ஓதமா இருக்கு, அவரு படம் நனைஞ்சிரும்லா" என்று நீ சொன்னபோது பட்டென்று போனை வைத்துவிட்டேன். தப்புதான். படத்தை உள்சுவருக்கு மாற்று. பாவம், நான் தொட்ட வயதைப் பார்க்காமலே போனவர்.

மாற்றும்போது பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்து வை. அவசரமில்லை. அதுவரை அதில் உன் குடையை மாட்டிக்கொள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

குத்தாலிங்கம்