வலது மேல் மூலையில் ஒரு மேகம்

ஆஹோ, அரிசோனா
22 ஜூலை 1997

டெல்பர்ட்டுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

நேற்று பக்கத்து வீட்டு ஒஃபீலியா வேலிக்கு மேலாகச் செய்தித்தாளை நீட்டி, "இந்தா லவோன், உன் வீட்டுக்காரர் பெரிய ஆளாயிட்டார்" என்றாள். "வீட்டுக்காரர் இல்லடி, வீட்டை விட்டவர்" என்று சொல்லி வாங்கிப் பார்த்தேன். நம் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து எடுத்த படம். மூன்று மின்னல், நடுவில் ஒற்றைக் கை சகுவாரோ கள்ளி. முதல் பரிசு. கீழே உன் பெயர். 'இருபத்தாறு வருடம் புயலுக்கு முன்னால் நின்றவர்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

எங்கே நின்றாய் டெல்பர்ட்? முதல் இடி கேட்டதும் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, காலித் தொட்டியில் தலையணையோடு உட்கார்ந்தவன் நீ. மின்னலுக்குப் பிறகு ஐந்து எண்ணி இடி கேட்டால் ஒரு மைல் தூரம். வெளியே நின்று அதை எண்ணியவள் நான். நீ உள்ளே சுவர் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.

உன் நட்சத்திரப் படங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கூரைமேல் ஏறி மணிக்கணக்கில் காத்திருந்து எடுப்பாய், நன்றாகவே இருக்கும். நட்சத்திரம் யார் தலையிலும் விழாது, அதனால் உனக்குச் சௌகரியம். மின்னல் எல்லாம் என்னுடையது. விவாகரத்தின்போது படப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனாய். போகட்டும் என்று விட்டேன். எடுத்தவள் பெயரையும் சேர்த்து அள்ளுவாய் என்று அப்போது தெரியவில்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி ஃபீனிக்ஸில் கண்காட்சியாமே. அதற்குள் அந்தப் படத்தின் கீழே என் பெயர் இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பரிசுக் கோப்பையை நீயே வைத்துக்கொள். பல் துலக்கும் பிரஷ் போட்டு வைக்க உதவும்.

லவோன்


ஃபீனிக்ஸ்
30 ஜூலை 1997

அன்புள்ள லவோன்,

கடிதம் கண்டேன். கையெழுத்து இன்னும் அழகாகவே இருக்கிறது, கோபமும் அப்படியே. கூலர் ஓடுகிறதா? அதன் விசிறிப் பட்டையை ஜூன் மாதமே மாற்றச் சொல்லியிருந்தேன். இங்கே என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். வானத்தைப் பார்க்க வேண்டுமானால் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப் போக வேண்டும். போனாலும் நகரத்து வெளிச்சத்தில் நாலு நட்சத்திரம் தேறாது.

எந்தப் படத்தை யார் எடுத்தது என்று பெட்டிகளில் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே கேமராவில்தான் எடுத்தோம். வாங்கியது நான். நானும் ஓரிரு மின்னல் எடுத்திருக்க மாட்டேனா? இந்தப் படம் எடுத்தது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. வலது மேல் மூலையில் ஒரு கரிய மேகம் வளைந்து இறங்குகிறது அல்லவா, அதற்காகவே காத்திருந்தேன். நடுவர்களும் அதைத்தான் மெச்சினார்கள். "அந்த மேகம் மட்டும் இல்லேன்னா படம் சப்புனு இருந்திருக்கும் டெல்பர்ட்" என்று தலைமை நடுவரே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பழையதைக் கிளறாதே. கண்காட்சிக்கு வா. முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
டெல்பர்ட்


ஆஹோ
4 ஆகஸ்ட் 1997

மேகத்துக்காகக் காத்திருந்த டெல்பர்ட்டுக்கு,

உன் கடிதத்தை ஒஃபீலியாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோளமாவுத் தமாலேயைக் கீழே போட்டுவிட்டாள். அவள் வீட்டுக் கோழிகளுக்கு நல்ல வேட்டை.

அது மேகம் இல்லை. என் தொப்பி.

உனக்கு எப்படித் தெரியும், பாவம், நீதான் தொட்டியில் இருந்தாயே. கேமராவின் ஷட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு மின்னலுக்குக் காத்திருப்பேன். நெடுஞ்சாலையில் லாரி வந்தால், அந்த விளக்கு படத்தில் ஏறாமலிருக்கக் கறுப்புத் தொப்பியால் லென்ஸை மூடுவேன். லாரி போனதும் தொப்பியை எடுப்பேன். அன்று சாயங்காலம் தொப்பி பாதி விலகும்போதே மூன்றாவது மின்னல் முந்திக்கொண்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார். மேகத்தின் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். நம் நாய் கடித்த இடம் அது. உலகத்தில் எந்த மேகத்தை நாய் கடித்திருக்கிறது?

இருபத்தாறு வருடம், நம் வீட்டுச் சுவரில் நான் எடுத்த படங்களுக்குக் கீழே, நீ கேட்டாய் என்று உன் பெயரை நானே டைப் அடித்து ஒட்டினேன். பார்க்க வந்தவர்கள் உன் கையைக் குலுக்கினார்கள். என்னிடம் காபி கேட்டார்கள். வலிக்காத மாதிரி இருந்தேன். வலித்தது டெல்பர்ட்.

இன்னொன்று. உறையில் மறுபடியும் 'லவோன் ஸ்ட்ரவுட்' என்று எழுதியிருக்கிறாய். அந்த உன் குடும்பப் பெயரை நீதிமன்றத்தில் உன்னிடமே திருப்பிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. தபால்காரர் சிரிக்கிறார். நான் இப்போது ப்ரூயிட், பிறந்தபோது இருந்தது போல.

கூலர் பட்டையை நானே மாற்றிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வாய்.

லவோன்


ஃபீனிக்ஸ்
19 ஆகஸ்ட் 1997

அன்புள்ள லவோன்,

பார்த்தேன். பள்ளம் இருக்கிறது.

நான் எடுத்தது என்று பல வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. வேறு என்ன சொல்ல? கண்காட்சிக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "எடுத்தவர் வேற ஆளா? சரி, பேரை எழுதிக் குடுங்க" என்றார்கள். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஆறாம் தேதி வந்து பார். மனசு குளிரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டி விஷயத்தை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்
டெல்பர்ட்


ஆஹோ
8 செப்டம்பர் 1997

டெல்பர்ட்டுக்கு,

வந்திருந்தேன். நீ பழச்சாறு மேசையருகே இரண்டு பெண்களிடம் புயலின் போக்கை விளக்கிக்கொண்டிருந்தாய், கெடுக்க மனமில்லை. பிறகு வெளியே ஒரு இடி இடித்தது. திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். "ஆம்பளைங்க கழிப்பறை ரொம்ப நேரமா உள்ள பூட்டியிருக்கு" என்று வரிசையில் ஒருவர் முனகினார். தொட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதைச் செய்தேன்.

நீ செய்ததையும் பார்த்தேன். பெயர் அட்டையில் 'லவோன் ஸ்ட்ரவுட்'. அப்படி யாரும் இல்லை, டெல்பர்ட். நான் அத்தனை தெளிவாக எழுதிய பிறகும், என் பெயரைக் கேட்டால் உன் பெயரைத்தான் எடுத்து நீட்டுகிறாய். மறதி என்று சொல்லாதே. உனக்கு அதைத் தவிர வேறு பெயரே எழுத வராது.

நான் சண்டை போடவில்லை. தலையிலிருந்த அதே கறுப்புத் தொப்பியைக் கழற்றிச் சட்டத்தின் கீழ் முனையில், அட்டை மறைகிறபடி மாட்டினேன். ஒரு பெண் வந்து, "இங்க ஏன் தொப்பி?" என்று கேட்டாள். "மேல் மூலையைப் பாரும்மா" என்றேன். படத்தைப் பார்த்தாள், தொப்பியின் பள்ளத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்ப இதை எடுத்தது நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். என் கையைக் குலுக்கினாள். காபி கேட்கவில்லை.

இனிமேல் எழுதாதே. படப் பெட்டிகளை நீயே வைத்துக்கொள். இந்த வருடத்து மின்னல் எனக்கு இங்கே நிறையக் கிடைத்திருக்கிறது, புதுத் தொப்பியும் வாங்கிவிட்டேன். பழையது அங்கேயே தொங்கட்டும், எடுக்காதே. எவனோ ஓட்டிப்போகிற லாரியின் வெளிச்சம் என் படத்தில் ஏறாமலிருக்கத்தான் அதை வாங்கினேன். இப்போதும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

லவோன் ப்ரூயிட்