இடம் மாறிய பிஸ்டன்கள்

இதில் எழுத நினைத்தவை:

1. எஞ்சினில் பிஸ்டனின் வேலை.
2. உன் டிரம்பெட்டில் பிஸ்டனின் வேலை.
3. நான் செய்த பிழை.
4. அதை நீ அறியாமலே போய்விட்டாய் என்பது.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. தெரிந்ததுதானே உனக்கு.

காலையில் உன் மகள், நீ கொடுக்கச் சொன்னதாக, டிரம்பெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியைத் திறந்ததும் பித்தளையும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. என் மோட்டார் கொட்டகை நினைவுக்கு வந்தது.

அங்கிருந்த ஆயில் எஞ்சினில் ஒரே பிஸ்டன். உள்ளே டீசல் எரிந்து தள்ள, அது மேலும் கீழும் ஓடிச் சக்கரத்தைச் சுழற்றும்; கழனிக்குத் தண்ணீர் வரும். உன் டிரம்பெட்டில் மூன்று. அவை எதையும் தள்ளுவதில்லை. விரலால் அழுத்தினால், பிஸ்டனில் உள்ள துளைகள் உன் மூச்சை நீளமான குழாய்க்குத் திருப்பிவிடும், ஒலி இறங்கும். மூன்றிலும் துளைகள் வெவ்வேறு இடத்தில்; ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் மூச்சு போக வழியிருக்காது. இதைப் பிறகுதான் படித்தேன்.

பிழை நடந்த அன்று நீ என் கொட்டகையில் படுத்திருந்தாய். குடியை விட்டு ஆறு மாதம். சாயங்காலம் பாகூரில் மாப்பிள்ளை அழைப்புக்கு உன் பேண்டு வாசிக்கவேண்டும். உதவி செய்வதாக எண்ணி, நீ கேட்காமலே மூன்று பிஸ்டனையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஊர்வலத்தில் நீ ஊதினாய். கன்னம் உப்பியது, சத்தம் வரவில்லை. கூட்டம் சிரித்தது.

"இன்னாடா, மறுபடியும் ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றார் பேண்டு மாஸ்டர்.

"சத்தியமா இல்ல மாஸ்டர். உள்ள இன்னாவோ அடைச்சிக்கினு கீது."

"உன் வாயத்தான் அடைக்கணும். வூட்டுக்குப் போடா."

உன் சத்தியத்துக்கு அங்கே மதிப்பில்லை. அறிவியல் வாத்தியார் நான், 'கழற்றி மாட்டியது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலடி தள்ளி நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எந்த பேண்டும் உன்னைக் கூப்பிடவில்லை. "குடிக்காதப்பவே குடிகாரன்னானுங்க. குடிச்சா இன்னா இப்ப?" என்றாய். ஈரல் கெடும்வரை குடித்தாய். என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

இவ்வளவு எழுதியபோது உன் மகள் திரும்பி வந்தாள். டிரம்பெட்டின் ஊதுவாயைக் கொடுக்க மறந்துவிட்டாளாம்.

"இன்னொன்னும் மறந்துட்டேன் வாத்தியார் மாமா. அப்பா சொல்லச் சொன்னாரு: 'இந்த வாட்டியாவது நம்பரு பாத்து மாட்டச் சொல்லு.' இன்னா நம்பரு மாமா?"

அவள் போன பிறகு பிஸ்டன்களைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பொறித்திருக்கிறது. அன்று இரவே நீயும் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பேன் என்று சாகும்வரை காத்திருந்திருக்கிறாய்.

ஊதுவாய் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நான்காவதாக எழுதியது தவறு.