மிங்கு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்

ஜன. 16, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மிங்குவின் நாப்கின்கள் சமையலறைக் கொடியில், ஃபேன் போட்டு.

நேற்று மாலை வழக்கம்போல் அவன் அம்மா சுவீ லெங் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஒரே பிளாக், அவர்கள் ஆறாம் மாடி, நாங்கள் மூன்று. சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை பிள்ளை அவர்களிடம். மற்ற நாள் இரவும் பகலும் என்னிடம். அவளுக்கும் புருஷனுக்கும் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பிள்ளைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. பெயர் வெய் மிங். என் வாயில் நுழைந்தது மிங்கு.

காலைப் பால் முழுவதும் வாந்தி. உடம்பு லேசாகச் சுடுகிறது. நேற்று கல்யாண விருந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கண்டதையும் ஊட்டியிருப்பார்கள். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அதுவும் வெளியே.

இவர் வேலை முடிந்து வந்து, "பல்லு வருதோ என்னமோ" என்றார். இருக்கலாம்.

வாங்க: சோப்புத்தூள், உருளைக்கிழங்கு, மெழுகுவர்த்தி.

17, செவ்வாய்

வாந்தி விட்டபாடில்லை. இப்போது வயிறும். தண்ணீர் தண்ணீராகப் போகிறது, வெளிர் மஞ்சள், புளித்த நாற்றம். ஒரு நாப்கின் மாற்றி முடிப்பதற்குள் அடுத்தது.

கீழே கிளினிக். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி ஒன்று கொடுத்தார் டாக்டர். தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. குடித்ததைவிட வெளியே வந்ததுதான் அதிகம். மத்தியானம் அழுதான், கண்ணீர் வரவில்லை. நாக்கு காய்ந்து, கண் உள்ளே போய்விட்டது. தூக்கினால் தலை என் தோளில் துணி மாதிரி விழுகிறது. பயம் வந்துவிட்டது. ஃபேக்டரிக்கு ஃபோன்.

சு.லெ. யூனிபார்மோடு ஓடி வந்தாள். (முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.) டாக்சி. பிள்ளைகள் வார்டு. கையில் நரம்பு அகப்படாமல் காலில் குத்தி டிரிப் ஏற்றினார்கள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்கள் யார்?" என்றார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் என்றேன். அம்மா மட்டும் இருக்கலாமாம்.

பஸ்ஸில் வீடு. ரவிக்கை முழுக்க அவன் வாந்தி. எங்கள் பேட்டை ஆங் மோ கியோ வரும்வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

18, புதன்

வெயில். சு.லெ. ஃபோன். இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொன்றாக. என்ன கொடுத்தீர்கள், ஆன்ட்டி? கஞ்சி, கேரட், மீன். காரமாக ஏதாவது? இல்லை. உங்கள் வீட்டுக் கறி? இல்லை. பால் பாட்டிலைக் கொதிக்க வைப்பீர்களா? வைப்பேன். தினமுமா? தினமும்.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். தூங்குகிறான். நான் வரட்டுமா? இப்போது வேண்டாம்.

முதலில் கோபம். கல்யாண விருந்தைப் பற்றி நான் கேட்டேனா? அப்புறம் சந்தேகம், என் மேலேயே. மீனை நன்றாகக் கழுவினேனா? பாட்டில் ரப்பர்களைக் கழற்றி மறுபடியும் கொதிக்க வைத்தேன். வீடு முழுக்கத் தரை கழுவினேன். அவன் படுக்கும் கட்டில் என் மகளுக்கு வாங்கியது, அவள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். அதையும் துடைத்து, வெயிலுக்குக் காரிடாரில்.

இரவு சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன்.

"கேக்கத்தானே செய்வா. பெத்தவ."

"நான் வீட்ட அழுக்கா வச்சிருக்கேங்கிறா."

"அப்படியா சொன்னா?"

"சொல்லல. கேட்டா."

இவர் பேப்பரை மடித்தார். "அதுக்குத்தான் தரையெல்லாம் கழுவுனியாக்கும்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

19, வியாழன்

தேக்கா மார்க்கெட். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பூண்டு. நண்டு நன்றாக இருந்தது, வாங்க மனமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வயிற்றைப் புரட்டியது. பாதி வழியில், தோ பாயோவில் இறங்கி, காப்பிக் கடைக் கழிவறைக்கு ஓட்டம். நல்லவேளை. வீட்டுக்கு வந்தும் அதே கதை.

அப்படியென்றால் என் சமையல்தானா? இவரும் அதையேதான் சாப்பிடுகிறார், ஒன்றும் இல்லை. குழப்பம். இவரிடம் சொல்லவில்லை. இரவு மோர் சோறு.

ஃபோன் வரவில்லை. வேலை செய்கிறதா என்று ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். செய்கிறது. அவன் சட்டைகளை மடித்து வைத்தேன். பாதியில், இனி இங்கே யார் போடப் போகிறார்கள் என்று தோன்றியது. மீதியையும் மடித்தேன்.

20, வெள்ளி

கதவில் பீட்டர், சு.லெ.யின் புருஷன். முகம் மழிக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எதையும் குடிக்க மாட்டேன் என்கிறான், வர முடியுமா என்றார். கீழே டாக்சி நின்றது.

வார்டில் வரிசையாகக் கட்டில். பாதிப் பிள்ளைகளுக்கு டிரிப். அதே புளித்த நாற்றம். ஒரு தமிழ் நர்ஸ், சாந்தி, சின்ன வயது. என்னைப் பார்த்ததும்:

"நீங்கதானா அக்கா அது? நேத்துதான் நான் இந்த வார்டுக்கு வந்தேன். சீனப் பிள்ளை ஒண்ணு தண்ணி தண்ணின்னு அழுவுது. அம்மாக்காரங்க என்கிட்ட கேக்குறாங்க, சிஸ்டர், ஹூ இஸ் தண்ணி?"

அவனுக்குப் பேச்சு வந்து சில வாரம்தான் ஆகிறது. அது என் பெயர் என்று நினைத்துவிட்டாள் சு.லெ. என்னைக் கூப்பிட்டு அழுகிறான் என்று நினைத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மம்மி இங்கே, மம்மி இங்கே என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்குத் தாகம்.

சாந்தி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஆனால் பாட்டிலில் கொடுத்தால் தட்டிவிடுகிறானாம். என்னிடம் பால்தான் பாட்டிலில், தண்ணீர் கரண்டியில் குடித்துப் பழக்கம். உட்கார்ந்து, மடியில் சாய்த்து, "தண்ணி குடிங்க ராசா" என்றேன். குடித்தான். இன்னொரு கரண்டி. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

சு.லெ. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கரண்டிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். முதல் கரண்டி சிந்தியது. அடுத்ததைக் குடித்தான்.

சாந்தியிடம் கேட்டேன், என்னதான் வியாதி என்று.

"மோஷன் டெஸ்ட் வந்துருச்சுக்கா. ரோட்டா வைரஸ். வாந்தில ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணியா ஓடும். இங்க நிறையப் பிள்ளைங்க இதுக்குத்தான் வந்திருக்கு. தனியா மருந்து இல்ல. உடம்புல தண்ணி குறையாம பாத்துக்கிட்டா தானா சரியாயிரும்."

"என் சாப்பாட்டுலேருந்தா வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? கையிலேருந்து வரும், பொம்மையிலேருந்து வரும். சுத்தமா இருக்கிற வீட்டுலயும் வருது லா."

"எனக்கும் நேத்து வயிறு சரியில்ல."

"அவன்கிட்டேருந்து ஒட்டியிருக்கும். அங்க சோப்பு இருக்கு, முதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். சு.லெ.யிடம் டாக்டரும் இதையே சொல்லியிருக்கிறார். நான் கிளம்பும்போது "சாரி, ஆன்ட்டி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. பரவாயில்லை என்றேன். கல்யாண விருந்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

21, சனி

டிரிப் எடுத்தாயிற்று. நிறைய ஒன்றுக்குப் போனான். நனைந்த நாப்கினைப் பார்த்து நானும் சு.லெ.யும் சிரித்தோம். கொஞ்ச நாளைக்குச் சாதாரணப் பால் வேண்டாமாம், சோயா பால்.

கேன்டீனில் அவளும் நானும், கோப்பி. வேறு என்னென்ன சொல்வான் என்று கேட்டாள். சொன்னேன்: போதும், வா, பூனை, காக்கா, சீ. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். 'போதும்' அவள் வாயில் 'போத்தோம்'.

பிறகு, பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் என்றாள். இனி இரவில் பிள்ளை அவர்களிடம். பகலில் மட்டும் நான். "என் பிள்ளை பேசுவது எனக்குப் புரியவில்லை, ஆன்ட்டி."

நல்லது என்றேன். நல்லதுதான். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

22, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை. பிரசங்கம் நீளம், பாதி காதில் ஏறவில்லை. நன்றி சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தப்பாக எதையாவது கேட்டுவிடுவேன்.

வீட்டில் இவர்:

"இனிமே ராத்திரி நிம்மதியா தூங்கலாம்."

"ம்."

"அந்தக் கட்டிலக் கழட்டிரவா?"

"பகல்ல அவன் தூங்க வேணாமா?"

இவர் எழுந்து வந்து எனக்கு டீ போட்டார். அபூர்வம். சர்க்கரை அதிகம்.

என் வயிறு சரியாகிவிட்டது.

24, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். சு.லெ. லீவில் இருக்கிறாள். மேலே போய்ப் பார்த்தேன். சீனப் புத்தாண்டுக்கு வீடு கழுவுகிறார்கள், நாற்காலியெல்லாம் காரிடாரில். மிங்குவின் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. தூக்கினால் கையில் கனமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அம்மா காலைப் போய்க் கட்டிக்கொண்டான்.

இரவுச் சட்டைகள், போர்வை, எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

26, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. இன்று முதல் அவளுக்குப் பகல் ஷிப்ட். காலையில் கொண்டுவந்தாள். சோயா பால் டின், நாப்கின், ஒரு பொம்மை. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவனை வாங்கினேன், அவள் பார்க்கட்டும் என்றே.

அவள் திரும்பியதும் அழுதான். இத்தனை மாதத்தில் அவள் போகும்போது ஒரு தடவைகூட அழுததில்லை. என் தோளிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மம்மி, மம்மி என்று. அவள் படியில் நின்றுவிட்டாள். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

பஸ் போய்விடும், போ என்றேன்.

காரிடார் சுவரோரம் அவனைத் தூக்கிக் காட்டினேன். கார்பார்க்கைத் தாண்டும் வரை திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள். அவள் பஸ் ஏறும் வரை அவனை இறக்கவில்லை.

பிறகு கஞ்சி. அரைக் கிண்ணம் சாப்பிட்டான்.