பெரியப்பாவின் கண் நிறம்

மூத்தவளின் காலேஜ் நோட்டு இன்று காலை மேஜைமேல் திறந்து கிடந்தது. அதில் நாலு கட்டம். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, பிள்ளைக்கு என்ன வரும் என்ற கணக்கு. அவள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் பம்பாய் மாதுங்கா சமையலறைத் தரையில் கோலமாவில் படித்தவள். சொல்லிக்கொடுத்தது என் நாத்தனாரான நீ.

அது நாற்பதுகளில். பிறந்து ஒரு வருஷமாகியும் இவள் கண் பூனைக்கண்ணாகவே இருந்தது. உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மாத்துலே யாருக்கும் கெடையாது. கீழாத்து மராத்திக்காரருக்குன்னா இருக்கு" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

அந்த மனிதருக்கு எழுபது வயது. நம் மாடிப்படி ஏறவே முடியாது. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? என்னையும் குழந்தையையும் பாலக்காட்டுக்கே அனுப்பிவிட டிக்கெட் வாங்கச் சொல்லியாகிவிட்டது. உன் அண்ணாவோ டிபன் டப்பாவோடு ஆபீஸுக்கு ரயிலேறினார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பயாலஜி படித்துக்கொண்டிருந்த நீதான் கோலமாவை எடுத்தாய்.

"எல்லாருக்கும் கண்ணுக்கு ரெண்டு சீட்டும்மா. அப்பா ஒண்ணு தருவார், அம்மா ஒண்ணு தருவா. பூனைச்சீட்டு தனியா வந்தா ஒளிஞ்சுண்டிருக்கும். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாத்தான் தலைகாட்டும். அப்போ நம்ம பக்கமும் இருக்கணும்."

"நான் என்ன சீட்டுக் குலுக்கியா பிள்ளை பெத்தேன்?" என்றாள் உன் அம்மா.

அடுத்த ஞாயிறு, உன் அப்பாவின் அண்ணாவைச் செம்பூரிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாய். அவர் வந்தால் நாங்கள் தலை குனிந்தே பரிமாறுவோம். மச்சினர் முகத்தை உன் அம்மா முப்பது வருஷமாக நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருடைய கால் விரல்கள்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆண்களோ இலையை மட்டும் பார்ப்பவர்கள். சின்ன வயதில் அவர் மடியில் ஏறி விளையாடியவள் நீ ஒருத்திதான்.

ஜன்னலோரம் இலை போட்டாய். "பெரியப்பா, அந்தத் தடிக் கண்ணாடியைக் குடுங்கோ, தொடச்சுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டாய். பிறகு, "அம்மா, இப்போ நிமிர்ந்து பாரு" என்றாய்.

கரண்டியும் கையுமாக உன் அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். பெரியப்பா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார், பூனைக்கண்ணால். ரசம் பாயசத்தில் விழுந்தது.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே" என்று உன் அம்மா அவரையே கோபித்துக்கொண்டாள். டிக்கெட் பேச்சு அத்தோடு போயிற்று.

ஜெயித்துவிட்ட தெம்பில் நான் சிரித்தேன். நீ என்னையும் விடவில்லை. "ஒங்காத்துலேயும் ஒருத்தர் இருக்கணும் மன்னி." ஊருக்கு எழுதிக் கேட்டேன். என் தாத்தாவுக்கு இருந்ததாம். அவர் எதிரில் நானும் தலை குனிந்தே வளர்ந்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் யாருக்கும் தலை குனிந்து பரிமாறவில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

போன வருஷம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் கண்கள் மூடியிருந்தன. எனக்கு அவற்றைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. நல்ல கறுப்பு, இடது கண்ணில் மட்டும் ஓரமாக ஒரு பழுப்புப் புள்ளி.