ஆறு உனுது, மலை எனுது

இன்று ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் மீன் வறுக்கும் வாசம் வந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கடைக்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க நர்சம்மா கூட வருவீங்கல்ல? பாவம், போய்ட்டாங்க. எங்களப் பத்தி எழுதறேன்னு பத்து வருசமா கேட்டுகிட்டே இருந்தாங்க. பொஸ்தகம் வந்துடுச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, வாங்கிய மீனைத் தின்னாமல் எழுந்து வந்தேன். மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போனபோது ஒரு அத்தியாயம்கூட எழுதியிருக்கவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல?

நாவல் எழுதத் தொடங்கிய புதிதில், அண்ணன் தம்பி நிலம் பிரிப்பது போல நாம் இந்த மாவட்டத்தைப் பிரித்துக்கொண்டோம். நான் சித்தேரி மலையில் டீச்சர், நீ ஆற்றோரத்தில் நர்ஸ். "மலை உனுதுடி, ஆறு எனுது. ஒருத்தி எடத்துல இன்னொருத்தி கால வைக்கக் கூடாது" என்றாய். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாராவது செய்வார்களா?

என் இரண்டாவது நாவலில் ஒருவன் மலையிலிருந்து இறங்கிப் பரிசல் ஏறினான். ஒரே ஒரு பத்திதான். அதைக் கைப்பிரதியில் படித்துவிட்டு இரண்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. கடைசியில் அவனை ஆற்றுப் பக்கமே விடாமல், வழியில் பென்னாகரத்திலேயே பஸ் மாற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினேன். அவன் ஏன் திரும்பினான் என்று படித்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

நீயாவது எழுதினாயா? எப்போது கேட்டாலும் "இன்னும் ஒரே ஒரு வெவரம் பாக்கிடி" என்பாய். பரிசலுக்கு எப்போது மூங்கில் வெட்டுவார்கள், வெள்ளம் வந்தால் வீட்டிலிருந்து எதை முதலில் தூக்குவார்கள். உன் வீட்டுக்காரர் கொடுத்த எட்டு நோட்டிலும் இதேதான். ஒரு பாத்திரம்கூட வாய் திறக்கவில்லை. "எழுது, அப்பத்தான் எந்த வெவரம் வேணும்னு தெரியும்" என்று எத்தனை முறை அடித்துக்கொண்டேன். நாம் உண்டாக்கிய ஒருத்தி நம்மைக் கேட்காமலே கதவைத் திறந்துகொண்டு கிளம்புவாளே, அந்தச் சந்தோஷம் உனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கும் அதை மறித்து நின்றாய்.

அடுத்து எந்த நாவல் என்று ஆறு மாதமாக அலைந்தேன். மலையில் மூன்றாவது கதை எனக்கு வரவில்லை. ஆசையெல்லாம் உன் பங்கின் மேல்தான் இருந்தது. அதைத் தொடக் கூசியது.

இன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்தேன். உன் நோட்டுகளைத் திறக்கவில்லை. ஒரு பரிசல்காரி, புருஷனிடம் கோபித்துக்கொண்டு, துடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்ளவே பதினோரு பக்கம் எழுதினேன். என் கை இப்படி ஓடி வெகுநாளாயிற்று.

சொல்லிவிடுகிறேன். எழுத எழுத எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததடி. நீ செத்தால்தான் இது எனக்குக் கிடைக்கும் என்று வைத்துவிட்டுப் போனாயே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.