முகப்புக்கு ஒரு முகம்

செவ்வாய்க்கிழமை.

பருத்திப்பட்டில் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குப் புது இணையதளம் வருகிறது. முகப்பில் ஒரு குழந்தையின் முகம் மட்டும் வேண்டுமாம். நாள் முழுக்கத் தேடினேன். எல்லாப் படத்திலும் கேக் வெட்டும் நன்கொடையாளர், சால்வை போர்த்திய தலைவர். பிள்ளைகள் பின்வரிசையில் பாதித் தலையாக நிற்கிறார்கள். எடுத்ததெல்லாம் நான்தான்.

தனிப்படம் ஒன்றுதான் இருந்தது. போன வருஷம் காய்ச்சலில் இறந்த செல்வியுடையது. அஞ்சலி பேனருக்காகப் பிறந்தநாள் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னும் தேடிகினு கீற? இந்தப் பொண்ணையே போடு. நல்லா சிரிச்சிகினு கீது."

யாரென்று அவருக்கு நினைவில்லை.

செல்வியின் தோளில் ஒரு நன்கொடையாளரின் கை மிச்சமிருந்தது. அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.