கத்தலெப் பள்ளத்தின் எல்லைக்கோடு

மல்லேசுவரம்,
பெங்களூர்.
20-6-1965

சிரஞ்சீவி பாமாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். கடல் கடந்து இருக்கிற உனக்கு உடம்பும் படிப்பும் ஒரு குறையில்லாமல் இருக்கப் பெருமாள் துணை. இங்கே நாங்கள் இருவரும் க்ஷேமம் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதினேன், அதில் பாதிதான் நிஜம். நான் க்ஷேமம். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு அடுப்பு வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தின் அடியில் அப்பா வழக்கமாக எழுதும் இரண்டு வரியைக் காணோமே, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லையடி. டிசம்பரில் வருகிறேன், கத்தலெப் பள்ளத்துக்கு அழைத்துப் போங்கள், அங்கே நிற்கிற மரங்களின் இலையும் பட்டையும் கிடைத்தால்தான் என் ஆராய்ச்சி நடக்கும் என்று அவருக்கு எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மனுஷர் அந்த இரண்டு வரியையும் எழுதவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். பள்ளம் இருக்கிறது, மரம் இல்லை. சித்திரை மாதம் முழுவதும் வெட்டி, லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோவிந்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா காட்டு சர்வேயில் படம் வரைகிறவராக இருந்தபோது அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர், வருஷம் ஒரு தடவை தேன் கொண்டுவந்து கொடுப்பார். இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தார். வாசல் வராந்தாவில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, "எல்லா ஹோயித்து, சாமி, ஒந்து மரமும் இல்ல" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். அப்பா குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு அவரோடேயே மைசூர் ரயிலுக்குப் போய்விட்டார். அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு. நாலாம் நாள் திரும்பி வந்தபோது காலெல்லாம் உண்ணி கடித்து வீங்கியிருந்தது, முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நடுப்பகலில்கூடத் தரையில் வெயில் படாத இடம் அது, அதனால்தான் இருட்டு என்று கன்னடத்தில் பேர் வைத்தார்கள். அங்கே இப்போது நிற்க ஒரு கை நிழல் இல்லையாம். அடிமரங்கள் மட்டும் இருக்கின்றன, ஒன்றின்மேல் நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாம் என்றார். இருவாட்சிப் பறவை மரப்பொந்துக்குள் முட்டையிட உட்கார்ந்ததும், சின்ன ஓட்டை ஒன்று தவிர மற்றதையெல்லாம் பூசி மூடிக்கொள்ளும், ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும் என்று நீ சின்னவளாக இருக்கும்போது அவர் சொல்லுவாரே. கூடு இருந்த மரத்தையும் வெட்டிவிட்டார்கள். ஆண் பறவை பழத்தை அலகில் வைத்துக்கொண்டு, மரம் இருந்த இடத்தைச் சுற்றி இரண்டு நாள் பறந்ததாம். இதைக் கோவிந்தப்பா எனக்குச் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார், சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அது மகாராஜா வேட்டையாடிய காடு. அதற்கு முன்னால் யாரோ பாளையக்காரர் ஆண்டதாம், அதற்கும் முன்னால் ஊர்களே இருந்திருக்கின்றன. குதிரைமேல் வாளோடு இருக்கிற வீரக்கற்கள் மூங்கில் புதருக்குள் சாய்ந்து கிடக்கும், அந்த ஊர்களின் பேர் இப்போது ஒருவருக்கும் தெரியாது. ஊர் அழிந்து காடு வளர்ந்தது என்றாலும், பள்ளத்து மரங்கள் மட்டும் அந்த ஊர்களுக்கும் மூத்தவை என்பார் அப்பா. வேட்டைக் காடாக இருந்ததை, இனிமேல் இதற்குள் துப்பாக்கியும் கோடாலியும் கூடாது என்று பெரிய பார்க்காக மாற்றத் தீர்மானித்தது நாற்பத்தொன்றாம் வருஷம். எல்லை போடும் வேலைக்குத்தான் அப்பாவை அனுப்பினார்கள். எல்லை போடுகிறவன் அதை நடந்து பார்க்காமல் வரையக் கூடாது என்பது அவர்கள் வேலையில் கண்டிப்பான விதி. யானை வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தே ஆகவேண்டும். ஐந்து மாதம் அப்படி நடந்தார். மேற்கே கடைசி நாலு மைல் மட்டும் பாக்கி. அங்கே இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய படத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது ஓடை பள்ளத்துக்கு அந்தண்டை ஓடுகிறது, அதை நடந்தவன்தான் கண்டுபிடிப்பான். அப்பா நடக்கவில்லை. பழைய படத்தைப் பார்த்து இந்தண்டை ஓடையையே எல்லையாக வரைந்துவிட்டார். பள்ளம் முழுவதும் பார்க்குக்கு வெளியே போய்விட்டது. வெளியே இருக்கிற காட்டை ஏலம் விடலாம். இருபத்துநாலு வருஷம் ஒருவர் கண்ணிலும் படவில்லை, இந்த வருஷம் பட்டது.

ஏன் நடக்கவில்லை என்று கேட்பாய். நீ என் வயிற்றில் இருந்தாய். ஸ்ரீராம்புரத்தில் ஒண்டுக்குடித்தனம், என் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பிரசவத்துக்குப் போக எனக்குப் பிறந்த வீடு இல்லை. எனக்கு வலி கண்டுவிட்டது, உடனே புறப்பட்டு வரவும் என்று ஆபீஸ் வழியாகக் காட்டுக்குத் தந்தி போயிற்று, அப்பா மூன்றாம் நாள் வந்து நின்றார், நீ பிறக்கிற வரைக்கும் இருந்தார், அதற்குள் படம் கொடுக்கிற கெடு வந்துவிட்டது. இதுவரைக்கும் உனக்கும் தெரிந்த கதைதான். தெரியாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு வலி காணவில்லை. நீ பிறந்தது பத்தொன்பது நாள் கழித்து. அந்த வாரம் எதிர்வீட்டுச் சந்திரம்மா பிரசவத்தில் போய்விட்டாள், என்னைவிட ஒரு வயது சின்னவள், முந்தின நாள் குழாயடியில் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் குடித்தனம் ருக்மிணி மாமியிடம் அழுது, அவள் அகத்துக்காரரைப் போய்ப் பொய்த் தந்தி கொடுக்கச் சொன்னது நான். அப்பா வந்து கேட்டதற்கு, வலி வந்தது, நின்றுவிட்டது என்றேன். மாமியும் நானும் எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம் தெரியுமா. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியும் இப்போது இல்லை.

அப்பா இப்போது காலையில் எழுந்ததும் அன்றைக்குத் தான் வரைந்த படத்தின் நகலை மேஜைமேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அரைவயிறு சாப்பாடு. கோவிலுக்குக்கூடப் போவதில்லை. முந்தாநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "கோடு போட்டவன் நான்தானே, மங்கை, நடந்திருக்கணும், நடக்கலை" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று தடவை வாயைத் திறந்தேன், ஒரு தடவை மோர் வேண்டுமா என்று கேட்டேன், மற்ற இரண்டு தடவையும் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. உன்னைக் குறைசொல்லவில்லை, குழந்தே, நீ பிறக்கக்கூட இல்லை. ஆனால் எனக்கு நீ வேண்டியிருந்தாய், அவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய காடு எனக்கு என்ன தெரியும்.

மற்றபடி இங்கே அரிசிக்குக் கியூவில் நிற்கிறோம், கிடைக்கிறதும் கல். மழை சரியாகப் பிடிக்கவில்லை. ஜெயலக்ஷ்மி அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று, உன்னைக் கேட்டாள். உன் புரொபசரிடம் விஷயத்தைச் சொல்லி வேறு காட்டைப் பார்க்க முடியுமா என்று கேள், இரண்டு வருஷப் படிப்பு என்னால் வீணாயிற்று என்று ஆகிவிடக் கூடாது. குளிர் நாளில் தலைக்குக் குளிக்காதே. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் எழுது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நான் எழுதி முடித்து, ஒட்டாமல் அப்பா மேஜைமேல் வைப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்து, அடியில் இரண்டு வரி எழுதி, படத்தில் ஊர்ப்பேர் எழுதுகிற அந்த எழுத்திலே உன் விலாசத்தை எழுதி, தபாலில் போடுவார். போன இரண்டு தடவையும் படித்தார், விலாசம் எழுதினார், இரண்டு வரி மட்டும் எழுதவில்லை. இன்றைக்கும் அப்படியே வைக்கப் போகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உனக்குச் சொல்லுகிற சாக்கில் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அடியில் நாலு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். இடம் வெறுமையாகவே உன் கைக்கு வந்தால், டிசம்பரில் எப்படியாவது புறப்பட்டு வந்துவிடு, நான் தனியாக இந்த வீட்டில் அவர் எதிரில் இருக்கமாட்டேன்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே.

உன் அம்மா,
அலர்மேல்மங்கை

பாமாவுக்கு ஆசிகள். அன்று நான் உள்ளே நுழைந்தபோது உன் அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், பார்த்ததுமே தந்தி பொய் என்று தெரிந்துவிட்டது. மறுநாளே காட்டுக்குத் திரும்பியிருக்கலாம், எனக்குப் போக மனம் வரவில்லை. கோடு நான் போட்டது.
அப்பா